திரும்பும் இடம்

மணிக்கு ஆறு அறுப்பு.
ஆறும் வலப்பக்கம்.

பருத்தி என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.
பாலியெஸ்டர் முறைத்துக்கொண்டே நீளும்.
இது எஃகு. தலைமயிரில் பாதித் தடிமன்.
நீளச் சொன்னால்
அறுந்து காட்டும்.

தறி பழையது.
திரைச்சீலைகளில் கொடி ஓட்டிக்கொண்டிருந்ததை
ஈப்போ ஏலத்தில் எடுத்தார் முதலாளி ஓங்.
பிறைக்கு லாரியில் வந்து இறங்கியபோது
அச்சுப் பல்லிடுக்கில் மஞ்சள் நூல் ஒட்டியிருந்தது.
நான் அதை எடுக்கவில்லை. சோம்பல்தான்.

அச்சுக்கு முன்னால் ஓர் ஊசிச் சட்டம்.
பாவுக்கு அடியிலிருந்து ஊசிகள் எழும்,
அவற்றின் கீழே ஊடை பாயும்,
இறங்கும், பக்கவாட்டில் இரண்டு பல் நகரும்,
மறுபடி எழும்.
துணிமேல் கோடு வளைவது இப்படித்தான்.
கொடியா கம்பியா என்று
ஊசி கேட்பதில்லை.

இப்போது வேண்டியது ஆஸ்பத்திரி விரிப்பு.
படுத்திருப்பவர் எழுந்தால்
தாதிமார் மேசையில் விளக்கு எரிய வேண்டும்.

நாங்கள் நூலைக் குறை சொன்னோம்.
நூல்காரர் ஈரப்பதத்தைச் சொன்னார்.
பினாங்கில் ஈரப்பதம்
யாரைப் போய்ச் சொல்லும்?

மூன்றாம் வாரம், இரவு ஷிப்ட்.
தில் பகதூர் இயர்போனைக் கழற்றிவிட்டு
பாதி மலாயில் பாதி தமிழில் சொன்னான்:
"இடதுபக்கம் டொக், வலதுபக்கம் டக்.
டொக்குக்கு மூச்சு இருக்கு, அக்கா."

நான் பொறியியல் படித்தவள்.
மூச்சு என்பது என் அளவைகளில் இல்லை.
இருந்தாலும் பக்க மூடியைத் திறந்தேன்.

உள்ளே சட்டத்தைத் தள்ளும் முட்டைச் சக்கரம்.
இடப்புறம் அகலமாய் வளைந்து இளைப்பாறுகிறது.
வலப்புறம் ஒரே உச்சி;
ஏறிய கணமே ஸ்பிரிங் பிடித்து இழுக்கிறது.
யாரோ அதை வேண்டுமென்றேதான் கூராக்கியிருக்கிறார்.
இலையின் நுனி கூராக விழ வேண்டுமே!
அந்த நுனியில்தான்
என் கம்பி ஆறு முறை செத்தது.

அரம் எடுத்தேன்.
விடிய நாலு மணி, துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில்
தரையை உலுக்கிக்கொண்டு கடந்தது.
பிறையில் உட்கார்ந்து ஒரு பிறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
(ஊர்ப்பெயருக்கு மலாயில் வேறு பொருள் இருக்கலாம்.
நான் விசாரிக்கவில்லை.)
உச்சி மழுங்கி,
ஓர் ஊடை கடக்கும் நேரம்
சட்டம் சும்மா நிற்கக் கற்றது.

கோடு அரைப் பல் உள்ளே தள்ளி விழுந்தது.
வாடிக்கையாளருக்கு அது தெரியாது.
ஐந்து மணி. ஆறு மணி. அறுப்பில்லை.
தில் பகதூர் கைகட்டி நின்றான்,
கடன் வாங்கியவன் தானே வந்து
பணம் கொடுத்தது போல நம்பாமல்.

சோதனைக்கு ஆள் கேட்டோம்.
ஃபோர்க்லிஃப்ட் பூன் தெய்க் முன்வந்தார்,
சாப்பாட்டு வேளை முழுவதும்
சம்பளத்தோடு குறட்டை விட்டார்.
மனைவி போன் அடித்தார்; துள்ளி எழுந்தார்;
மேசையில் பல்பு எரிந்தது.
பதினோரு பேர் கைதட்டினோம்,
அவருக்கா பல்புக்கா தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து தீவிலிருந்து கடிதம்.
விரிப்பு நன்றாக வேலை செய்கிறது, நன்றி.
ஆனால் சாம்பல் கோட்டை
விழுந்துகிடக்கும் முடி என்று எண்ணி
நோயாளிகள் கிள்ளிக் கிள்ளி எடுக்கப் பார்க்கிறார்கள்.
ஏதாவது செய்ய முடியுமா?

அப்படித்தான் மஞ்சள் திரும்பி வந்தது.
எஃகு ஊசிக்குப் பக்கத்தில் இன்னோர் ஊசி,
அதே சக்கரம், அதே நடை,
கம்பியின் மேல் கொடி படர்ந்துகொண்டு போகிறது.
இலை நுனிகள் மட்டும் கொஞ்சம் மொட்டை.

இப்போது யாரும் முடி என்று கிள்ளுவதில்லையாம்.
பூ என்று தடவுகிறார்களாம்.
ஏழாம் வார்டில் ஒருவர் தூக்கம் வராமல்
ஒற்றை விரலால் கொடியின்மேல் போய்வந்துகொண்டிருக்கிறார்,
ஒவ்வொரு திருப்பத்திலும் அழுத்தி.
தாதி எழுதியிருக்கிறார்:
அவர் படுத்தேதான் இருக்கிறார்,
விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைகிறது.

தவறான எச்சரிக்கை.
பட்டியலில் முதலாவதாக இருக்கிறது.
இன்னும் சரிசெய்யவில்லை.